எல்லாம் தெரிந்தும் முடிவெடுக்க முடியாமல் போன ஒரு கணக்கர்: நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

ஒரு காரியத்தில் இறங்கும் முன் ‘மனசு ஒப்பலை’ என்கிறோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘கை வரலை’ என்கிறோம், ஒரு ஆளைப் பற்றி ‘அவனைப் பார்த்தாலே அடிவயிறு என்னவோ பண்ணுது’ என்கிறோம். அப்படிச் சொல்பவரிடம் காரணம் கேட்டால் சட்டென்று சொல்ல வராது. அதனாலேயே எதிரில் இருப்பவர் ‘உணர்ச்சிவசப்படாதே, நிதானமா யோசி’ என்று சொல்லிவிடுவார். உணர்ச்சி ஒரு பக்கம், யோசனை இன்னொரு பக்கம், முதலாவதை வெளியே நிறுத்தினால்தான் இரண்டாவது ஒழுங்காக நடக்கும் என்று நாம் எல்லோருமே எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறோம்.

உணர்ச்சி நிஜமாகவே வெளியே போய்விட்ட, யோசனை மட்டும் துல்லியமாக மிஞ்சிய ஒரு மனிதரின் கதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது. பால் எஸ்லிங்கர், அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இருவர் 1985இல் ஒரு நரம்பியல் இதழில் அதை வெளியிட்டார்கள், அதே மனிதரை வைத்து அந்தக் குழு அப்புறம் பல வருடங்கள் சோதனைகள் செய்தது. பெயர் வெளியிடப்படாத அவரை நான் ‘கணக்கர்’ என்றே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் அவருடைய தொழில் அதுதான். மூளை அறுவையோ தலைக்காயமோ ஆன ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நோய்க்கு முன்

ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். படிப்பில் கெட்டி, தம்பி தங்கைகளுக்கு முன்மாதிரி. இளம் வயதிலேயே திருமணம், இரண்டு குழந்தைகள், தேவாலயக் காரியங்களிலும் முன்னால் நிற்பவர். வீடு கட்டும் நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்து, முப்பதுகளின் தொடக்கத்திலேயே அதன் நிதிக் கணக்கு முழுவதையும் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர். மற்றவர்கள் யோசனை கேட்டு வரும் நிலையில் இருந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடப்பதை இதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

கட்டியும் அறுவையும்

முதலில் கடுமையான தலைவலி. கவனம் நிற்கவில்லை, பொறுப்பு தளர்ந்தது, அவர் பாதியில் விட்ட வேலையை மற்றவர்கள் முடிக்க வேண்டி வந்தது. 1970களின் நடுவில், அவருக்கு 35 வயது இருக்கும்போது, மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருப்பது தெரிந்தது. அது புற்றுநோய் இல்லை. ஆனால் கண்குழிகளுக்கு மேலே, மூக்குப் பள்ளத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு மூளையின் இரண்டு முன்மடல்களையும் கீழிருந்து மேலே நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறிய ஆரஞ்சுப் பழம் அளவு இருந்ததாக டமாசியோ எழுதுகிறார்.

விட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தார்கள். கட்டியோடு, அதனால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த முன்மடல் திசுவையும் சேர்த்து அகற்ற வேண்டியிருந்தது. அறுவை வெற்றி. கட்டி திரும்ப வரவில்லை. பேச்சு, நடை, நினைவாற்றல், கணக்குப் போடும் திறமை என எதிலும் குறை தெரியவில்லை. மருத்துவமனைக் கோப்பைப் பார்த்தால் கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும்.

வீடு திரும்பிய பிறகு

மூன்று மாதத்தில் மறுபடி கணக்கு வேலைக்குப் போனார். சீக்கிரமே, நல்ல பெயர் இல்லாத ஒரு பழைய சக ஊழியரோடு கூட்டுச் சேர்ந்து வீடு கட்டும் தொழிலில் இறங்கினார். வேண்டியவர்கள் எச்சரித்தார்கள். காதில் வாங்காமல் சேமிப்பு முழுவதையும் போட்டார். தொழில் படுத்தது, போட்ட பணம் மொத்தமும் போய், திவால் அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த மனிதர் கணக்குத் தெரியாதவர் இல்லையே. வரவு செலவைப் பார்த்து ஒரு நிறுவனத்தின் ஆரோக்கியத்தைச் சொல்வதே அவருடைய பிழைப்பாக இருந்தது. தெரியாமல் விழுந்தார் என்று சொல்ல வழியே இல்லை.

அதன் பிறகு கிடங்கில் கூலி வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பில் மேலாளர் வேலை, மறுபடி கணக்கு வேலை. ஒன்றிலும் நிற்க முடியவில்லை. முதலாளிகள் அவருடைய திறமையையோ குணத்தையோ குறை சொல்லவில்லை. நேரத்துக்கு வருவதில்லை, வேலை முடிவதில்லை என்பதுதான் புகார். காலையில் கிளம்பவே இரண்டு மணி நேரம் பிடித்தது, சில நாட்களில் சவரம் செய்வதிலும் தலை கழுவுவதிலுமே பொழுது முழுக்கப் போனது.

ஒரு கோப்பில் உள்ள தாள்களை வகைபிரித்து அடுக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் பதிவு இருக்கிறது. அடுக்கத் தொடங்குவார், நடுவில் ஒரு தாளைக் கையில் எடுத்து நாள் முழுக்க அதையே கவனமாகப் படிப்பார். இல்லையென்றால் தேதிவாரியாக அடுக்குவதா, தாளின் அளவுப்படியா, விஷயத்தின் முக்கியத்துவப்படியா என்று பிற்பகல் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு யோசனையும் தனியாகப் பார்த்தால் சரியான யோசனைதான். ‘போதும், இது இவ்வளவு யோசிக்கத் தகுந்த விஷயமில்லை’ என்று உள்ளிருந்து சொல்லும் ஏதோ ஒன்றுதான் அவரிடம் இல்லை.

சாப்பிட எங்கே போகலாம் என்று முடிவு செய்வது இன்னும் மோசம். ஒவ்வொரு உணவகத்திலும் இருக்கை எப்படி, உணவுப் பட்டியலில் என்னென்ன இருக்கிறது, சூழல் எப்படி, நிர்வாகம் எப்படி என்று மணிக்கணக்கில் அலசுவார். கூட்டம் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொன்றுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்வருவார், அதற்குப் பிறகும் முடிவு வராது. சின்னச் சாமான் வாங்கக்கூட எந்தக் கம்பெனி, என்ன விலை, எப்படி வாங்குவது லாபம் என்று அதே கதைதான். வீட்டில் எதையும் தூக்கிப்போட முடியவில்லை. செத்துப்போன தொட்டிச் செடிகள், பழைய தொலைபேசிப் புத்தகங்கள், உடைந்த மின்விசிறி ஆறு, உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி ஐந்து, ஆரஞ்சுச் சாறு காலி டப்பாக்கள் மூன்று பை, சிகரெட் லைட்டர் 15, கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாள். ‘இதற்கு இனி மதிப்பு இல்லை’ என்பதும் அறிவு மட்டும் போடும் தீர்ப்பு இல்லை என்று இந்தக் குவியலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். குப்பை என்று நாம் ஒன்றைத் தள்ளுவது அதன் மேல் பற்று விட்டுப்போன பிறகுதான், அது கணக்குப் போட்டு வருவதில்லை.

மனைவி பிரிந்தார். விவாகரத்து முடிந்து ஒரு மாதத்துக்குள், சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இன்னொரு பெண்ணை மணந்தார், இரண்டு வருடத்தில் அதுவும் முறிந்தது. கடைசியில் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு எதிரெதிரான தவறுகள் ஒரே ஆளிடம் நடக்கின்றன. உணவகம் தேர்வு செய்ய மணிக்கணக்கு, வாழ்நாள் சேமிப்பையும் வாழ்க்கைத் துணையையும் பற்றிய முடிவு மளமளவென்று. சின்னதில் நகர முடியாது, பெரியதில் நிற்க முடியாது. சோம்பேறி என்றால் இரண்டாவது பொருந்தாது, அவசரக்குடுக்கை என்றால் முதலாவது பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாக விடுபட்டது எது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

முதல் மதிப்பீடும் அதை வைத்து எடுத்த முடிவும்

அறுவை முடிந்து இரண்டு வருடம் கழித்து மனநல மதிப்பீடு நடந்தது. நுண்ணறிவுச் சோதனையில் சராசரிக்கு மேல், ஆளுமைச் சோதனையில் கோளாறு இல்லை. இவருடைய பிரச்சினைகளுக்கு மூளைக் கோளாறு காரணமில்லை, மனதளவில் அனுசரித்துப்போவதில்தான் சிக்கல், பேச்சு சிகிச்சையால் சரிசெய்யலாம் என்று முடிவானது. சிகிச்சை பலன் தரவில்லை. வேலை செய்ய முடியாதவர்களுக்கான அரசு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது, கையும் காலும் அறிவும் நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு உதவி என்பதுதான் அதன் பொருள்.

அந்த முடிவை எடுத்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த கருவிகளால் அளந்தார்கள், அளந்ததில் எல்லாம் சரியாக இருந்தது. கோளாறு அளவுகோலில் இருந்தது. சோதனை அறையில் கேள்வியை மருத்துவர் கேட்கிறார், எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று அவரே சொல்கிறார், எது முக்கியம் என்பதையும் அவரே வரையறுத்துக் கொடுத்துவிடுகிறார். கணக்கருக்கு வெளியுலகில் எது வராதோ அதையெல்லாம் சோதனை அறை தானாகவே செய்துகொடுத்துவிடுகிறது! அங்கே அவர் பிரமாதமாகத் தேறியதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் ‘மூளையில் ஒன்றுமில்லை’ என்ற ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் இல்லையென்றால் திமிர், அக்கறையின்மை, சோம்பல். மனைவிக்கும் பெற்றோருக்கும் வேறு விளக்கமே மிஞ்சாமல் போய்விடுகிறது.

அயோவாவில் மறுபடி முதலிலிருந்து

இது நிஜமான நோயா இல்லையா என்ற கேள்வியோடுதான் கணக்கர் அயோவா பல்கலைக்கழகத்தில் டமாசியோவின் குழுவிடம் வந்து சேர்ந்தார். ஸ்கேனில் சேதம் தெளிவாகத் தெரிந்தது. முன்மடல்களின் அடிப்பகுதியும் உட்பக்கமும், மருத்துவர்கள் வென்ட்ரோமீடியல் என்று சொல்லும் பகுதி, இரண்டு பக்கமும் போயிருந்தது, வலப்பக்கம் கூடுதலாக. பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் அப்படியே இருந்தன.

சோதனைகளைத் திரும்பவும் செய்தார்கள். நுண்ணறிவு மிக உயர்ந்த நிலை, நினைவாற்றல் நன்று, முன்மடல் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று பேர்பெற்ற சீட்டு வகைபிரிக்கும் சோதனையிலும் தேர்ச்சி. முந்தைய மருத்துவர்கள் கண்ட அதே முடிவு. குழு இங்கேதான் வேறு பாதையில் திரும்பியது. நல்ல மதிப்பெண்ணைக் காட்டி அனுப்பாமல், இந்த மதிப்பெண்ணும் அந்த வாழ்க்கையும் எப்படி ஒரே ஆளுக்கு இருக்க முடியும் என்பதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஊகம், சமூக அறிவு போயிருக்கலாம் என்பது. சோதித்தார்கள். ஒரு சிக்கலுக்கு எத்தனை தீர்வு சொல்ல முடியும், ஒரு செயலின் விளைவுகள் என்னென்ன, ஒரு நட்பைப் பிடிக்க என்னென்ன படிகள், ஒரு தர்மசங்கடத்தில் எது நியாயம் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றிலும் சாதாரண ஆட்கள் அளவுக்கோ அதற்கு மேலோ பதில் சொன்னார். இந்த முடிவுகள் 1991இல் வெளியாயின. அப்படி ஒரு அமர்வில் ஒரு சூழலுக்கு வழிகளை அடுக்கிக்கொண்டே போய், தன் பட்டியலைப் பார்த்துத் தானே திருப்திப்பட்டு, கடைசியில் அவரே சொன்னாராம், இத்தனைக்கும் பிறகு தனக்கு என்ன செய்வது என்று தெரியாது என்று. நானறிந்தவரை இந்த நோயைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை, சொன்னவர் நோயாளி.

இரண்டாவது ஊகத்துக்கு வழிகாட்டியது எந்தச் சோதனையும் இல்லை, மருத்துவருக்கே ஏற்பட்ட ஒரு உறுத்தல். தொழில் போனது, குடும்பம் போனது என்று மணிக்கணக்கில் பேசியும் கணக்கரிடம் துக்கமோ எரிச்சலோ, இத்தனை கேள்வி கேட்கிறார்களே என்ற அலுப்போகூடத் தெரியவில்லை. வேறு யாருடைய வாழ்க்கையையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தனக்கு வந்த வருத்தம்கூடச் சொல்பவருக்கு இல்லை என்பதை டமாசியோ கவனித்தார். கணக்கரிடமே கேட்டபோது அவரும் ஒப்புக்கொண்டார். முன்பு மனதை உலுக்கிய விஷயங்கள் இப்போது எந்த அசைவையும் உண்டாக்குவதில்லை, நல்லதும் சரி கெட்டதும் சரி. தெரிகிறது, ஆனால் உணர்வதில்லை.

ஒரு மருத்துவர் தன் நெஞ்சில் வந்த கனத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டதால்தான் இந்த வழக்கு திறந்தது.

உள்ளங்கை வேர்வை

சரி, உணர்வதில்லை என்று ஒருவர் சொன்னால் போதுமா, அளக்க வேண்டாமா? அதற்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. பயம், வெட்கம், எதிர்பார்ப்பு எது வந்தாலும் பரிவு நரம்புகள் என்ற, நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் நரம்புகள் தூண்டப்பட்டு உள்ளங்கையின் வேர்வைச் சுரப்பிகள் நமக்கே தெரியாத அளவில் கசிகின்றன. ஈரம் ஏறினால் தோல் மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கடத்தும். கையில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, உணர முடியாத அளவு மின்சாரம் செலுத்தினால் அந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பார்க்கலாம்.

கணக்கரைப் போலவே முன்மடலின் இரு பக்க அடிப்பகுதியும் சேதமானவர்களிடம் இதைச் செய்து 1990இல் வெளியிட்டார்கள். திடீர் சத்தம் கேட்டால் அவர்கள் கையும் நம் கை போலவே வேர்த்தது. அதாவது நரம்பும் சுரப்பியும் வேலை செய்கின்றன. ஆனால் விபத்து, அங்கம் சிதைந்த உடல் போன்ற படங்களைச் சும்மா பார்க்கவிட்டபோது கோடு அசையவே இல்லை. இன்ன படம், எவ்வளவு கொடூரம் என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள்.

இதே ஆய்வில் பலர் தாண்டிப்போய்விடும் ஒரு விவரம் இருக்கிறது. பார்க்கும் படத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசச் சொன்னபோது அவர்களுக்கும் வேர்வை வந்தது. தானாக வர வேண்டியது வரவில்லை, பேச்சால் இழுத்தால் வருகிறது. இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்.

நான்கு சீட்டுக்கட்டு

பணமும் நிச்சயமின்மையும் கலந்த நிஜ வாழ்க்கையை மேசை மேல் கொண்டுவர, அந்தக் குழுவில் இருந்த அன்டோயின் பெசாரா ஒரு விளையாட்டை உருவாக்கினார், அது 1994இல் வெளியானது. கையில் 2000 டாலர் விளையாட்டுப் பணம், எதிரே நான்கு கட்டு. எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம். முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு, மற்ற இரண்டில் 50. ஆனால் நடுநடுவே அபராதம் வரும். பெரிய வரவு தரும் கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு 1000 வந்தால் 1250 போகும், சிறிய வரவுக் கட்டுகளில் 500 வந்தால் 250தான் போகும். இதெல்லாம் விளையாடுபவருக்குத் தெரியாது. எத்தனை சீட்டில் ஆட்டம் முடியும் என்பதும் தெரியாது, நூறாவது சீட்டில் நிறுத்துவார்கள்.

சாதாரண ஆட்கள் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்லச் சிறிய வரவுக் கட்டுகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். கணக்கரும் அவரைப் போன்றவர்களும் பெரிய வரவுக் கட்டுகளிலேயே கடைசி வரை இருந்தார்கள். கைப்பணம் தீர்ந்து கடன் வாங்கும் நிலை வந்தும் அப்படித்தான். கணக்கரை மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப விளையாட வைத்தும் மாற்றமில்லை.

அப்புறம் கையில் மின்முனையை ஒட்டி விளையாட வைத்தார்கள். சீட்டை எடுத்த பிறகு, வரவோ அபராதமோ தெரிந்ததும் வேர்ப்பது இரு தரப்புக்கும் நடந்தது. வித்தியாசம் அதற்கு முந்தைய சில நொடிகளில்தான் இருந்தது. சாதாரண ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் விளையாடிய பிறகு, மோசமான கட்டை நோக்கிக் கையை நீட்ட யோசிக்கும்போதே உள்ளங்கை வேர்த்தது. ‘கை வரலை’ என்று நாம் சொல்வதை வரைபடத்தில் பார்ப்பது போல இருக்கிறது! கணக்கரின் தரப்பில் அந்த முன்வேர்வை சுத்தமாக இல்லை.

1997இல் சயன்ஸ் இதழில் வந்த தொடர்ச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. சாதாரண ஆட்களுக்குச் சுமார் பத்தாவது சீட்டிலேயே முன்வேர்வை தொடங்கிவிட்டது. ‘அந்தக் கட்டு சரியில்லை போல’ என்று வாயால் சொன்னது சுமார் ஐம்பதாவது சீட்டில், காரணத்தோடு விளக்கியது சுமார் எண்பதில். மறுபக்கம், சேதமுற்றவர்களில் சிலர் எந்தக் கட்டு நஷ்டம் என்று தெளிவாக விளக்கிவிட்டு அடுத்த சீட்டை அதே கட்டிலிருந்து எடுத்தார்கள். கணக்கரும் அந்தக் கெட்ட பெயர் கூட்டாளியும் நினைவுக்கு வருகிறார்களா? எச்சரிக்கை அவர் காதுக்கு வந்தது, புரிந்தது, அடிவயிறு வரை இறங்கவில்லை.

இதிலிருந்து டமாசியோ கட்டிய விளக்கம்தான் உடற்குறிக் கோட்பாடு. முன்பு பட்ட அடியும் பெற்ற சுகமும் உடல் நிலைகளாக, இதயத் துடிப்பு, வயிற்று இறுக்கம், வேர்வை என்று பதிந்திருக்கின்றன. அதே மாதிரிச் சூழல் திரும்ப வரும்போது முன்மடலின் அந்த அடிப்பகுதி பழைய நிலையை மறுபடி எழுப்பி, ஒவ்வொரு வழியின் மேலும் ஒரு குறி போடுகிறது. நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே பாதி வழிகள் கழிந்துவிடுகின்றன. கணக்கரின் மேசையில் எல்லா வழிகளும் ஒரே நிறத்தில், ஒரே எடையில் கிடந்தன.

மறுப்புகள்

இந்த விளக்கத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004இல் டியாகோ மாயா, ஜேம்ஸ் மெக்கிளெலாண்ட் இருவரும் அதே விளையாட்டில் கேள்விகளை இன்னும் நுணுக்கமாகக் கேட்டுப் பார்த்தார்கள். நினைத்ததைவிட மிக முன்னதாகவே விளையாடுபவர்களுக்கு எந்தக் கட்டு நல்லது என்று தெரிந்திருந்தது. அதாவது ‘உடலுக்கு முதலில் தெரிந்தது, மனதுக்குப் பிறகு’ என்ற பகுதி தள்ளாடுகிறது. 2005இல் லெஸ்லி ஃபெல்லோஸ், மார்த்தா ஃபாரா இன்னொன்றைக் காட்டினார்கள். மூல விளையாட்டில் மோசமான கட்டுகள் முதலில் லாபம் மட்டுமே தருகின்றன, பிறகுதான் அடி விழுகிறது. சீட்டு வரிசையை மாற்றி அடியை முன்னாலேயே வைத்தபோது சேதமுற்றவர்களும் மற்றவர்களைப் போலவே விளையாடினார்கள். முதலில் பிடித்துப்போனதைப் பிறகு மாற்றிக்கொள்வதுதான் அவர்களுக்கு வரவில்லை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டு உடலிலிருந்து மூளைக்கு வரும் செய்தி பெரிதும் குறைந்துபோனவர்கள் இந்த விளையாட்டைச் சரியாகவே விளையாடினார்கள் என்று 2001இல் வந்த ஆய்வும் இருக்கிறது.

என் கணிப்பு இது. வேர்வைதான் முடிவை எடுக்கிறது என்ற அளவுக்கு நீட்டினால் கோட்பாடு தாங்காது. ஆனால் கணக்கரின் வாழ்க்கை எந்தக் கோட்பாட்டையும் நம்பி நிற்கவில்லை. அறிவு முழுதாக இருந்து, உணர்வு தட்டையாகி, வாழ்க்கை சரிந்தது என்ற பதிவை யாரும் மறுக்கவில்லை.

உடல் சொல்வதெல்லாம் சரி என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இதே வகைச் சேதமுள்ள இன்னொருவர் உறைபனி படிந்த சாலையில் வண்டி ஓட்டி வந்த கதையையும் டமாசியோ சொல்கிறார். முன்னால் போன ஒரு வண்டி சறுக்கிச் சுழன்றதைப் பார்த்தும் பதறாமல், பிரேக்கை மிதிக்காமல், நிதானமாகக் கடந்து வந்துவிட்டார். பதற்றம் இல்லாதது அன்று அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். மறுநாள் அவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். நாட்குறிப்பை விரித்து இரண்டுக்கும் சாதக பாதகங்களை அரைமணி நேரம் அடுக்கினார், கடைசியில் மருத்துவரே ஒரு தேதியைச் சொல்ல, ‘சரி’ என்று எழுந்து போய்விட்டார்.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

முதலில் குடும்பத்தைக் கேட்க வேண்டும். இந்த நோயில் நோயாளியின் வாய்மொழியும் சோதனைத் தாளும் ஒன்றையொன்று ஆமோதிக்கும், இரண்டும் தவறாக இருக்கும். மனைவிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும், ‘இவர் முன்ன மாதிரி இல்லை’ என்று. அயோவாவிலேயே பிற்பாடு, நோய்க்கு முன்னும் பின்னும் குணம் எப்படி இருக்கிறது என்று நெருங்கிய உறவினர் நிரப்பும் மதிப்பீட்டுத் தாள் ஒன்றை உருவாக்கினார்கள். 1991இல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் இருவரும் முன்மடல் காயமுள்ள மூன்று பேரைக் கடைத்தெருவுக்கே அனுப்பி, சில சாமான் வாங்கச் சொல்லி, சில விவரங்கள் திரட்டச் சொல்லிக் கவனித்தார்கள். அறையில் தேறியவர்கள் தெருவில் தடுமாறினார்கள். கணக்கருக்கு அப்படி ஒரு மதிப்பீடு நடந்திருந்தால் உதவித்தொகை முடிவு வேறு மாதிரி இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேச்சு வரும், நடை வரும், ஆனால் தீர்மானிக்கும் பக்குவம் மாறக்கூடும், பெரிய பண முடிவுகளையும் உறவு முடிவுகளையும் கொஞ்ச காலம் தனியாக எடுக்க விடாதீர்கள் என்று. 1970களில் அதைச் சொல்லும் அறிவே பரவலாக இல்லை, இன்று இருக்கிறது. நம் ஊரில் இதற்குக் கட்டிதான் வர வேண்டும் என்பதில்லை. இரு சக்கர வாகன விபத்தில் தலை அடிபட்டால், மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உரசி முதலில் நசுங்கும் இடங்களில் முன்மடலின் அடிப்பகுதியும் ஒன்று. தையல் பிரித்து, ஸ்கேன் பார்த்து, ‘வேலைக்குப் போகலாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டில் ‘ஹெல்மெட் போடாம விழுந்ததிலேர்ந்து பொறுப்பே இல்லாம திரியறான்’ என்று பேச்சு வருகிறது. அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன, இவை என் யோசனைகள். பத்து வழிகளைக் காட்டாமல் இரண்டு காட்டலாம், அதிலும் நேரம் வைத்து, மணி அடித்ததும் மற்றவர் முடிவு சொல்லிவிடலாம். சாலையில் தப்பியவருக்குத் தேதி சொன்னது போல. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வைக்கலாம். அவரை அவமானப்படுத்தாமல், மூக்குக்கண்ணாடி மாட்டுவது போல இதையும் ஒரு துணைக்கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மேலே நிறுத்திவைத்த அந்த விவரம். வாய்விட்டுப் பேசச் சொன்னபோது வேர்வை வந்தது. கணக்கரின் வீட்டில் நான் ஒருவனாக இருந்து, அவர் அந்தக் கூட்டு ஒப்பந்தத்தோடு மேசையில் உட்கார்ந்திருந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க மாட்டேன். அதைத்தான் எல்லோரும் சொன்னார்களே. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பணம் போய்விட்டால் அன்று சாயங்காலம் வீடு எப்படி இருக்கும், பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, அவர் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லவைத்திருப்பேன். பலிக்குமா என்பது வேறு, ஆனால் அதை முயன்று பார்த்த பிறகே பேனாவை அவர் கையில் கொடுத்திருப்பேன்.